இரண்டு சின்னது, ஒரு பெரியது

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். உனக்கென்ன, நீ நலமாகத்தான் இருப்பாய்.

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதச் சொல்கிற ஒரே ஆள் இந்த உலகத்தில் நீதான். ‘உன் குரல் தண்ணிக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு, எழுதிப் போடு’ என்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்துவிட்டாய். தபால்தலை விற்கிற கடையைத் தேடி முக்கால் மணி நேரம் நடந்தேன். கடைக்காரரே என்னை அதிசயமாகப் பார்த்தார்.

வேலை பரவாயில்லை. வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட வேண்டும், ஊசி போட வேண்டும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். இப்போதைக்குக் கூட வேலை செய்யும் நர்ஸ் அக்கா தன் காரில் கூட்டிப் போகிறார். ஜூன் முடிவதற்குள் இந்த ஊர் லைசென்ஸ் வாங்கவில்லையென்றால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நம் ஊர் லைசென்ஸைக் காட்டினேன். அழகாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள்.

எல்லாம் இங்கே வலது பக்கம். கியர் போடக் கையை நீட்டினால் கதவில் இடிக்கிறது. அதுகூடப் பழகிவிடும். முதல் நாள் பயிற்சி முடிந்து, நான் தங்கியிருக்கும் வீட்டு வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்தேனா, கை தானாகப் போய் ஹாரனை அடித்துவிட்டது. இரண்டு சின்னது, ஒரு பெரியது. நீ வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘வந்துட்டேன், கேட்டைத் திற’ என்று அடிப்பாயே, அதே ஹாரன். தெருவில் அத்தனை ஜன்னல் திரையும் விலகியது. வீட்டுக்காரம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தார். கற்றுக்கொடுக்கும் அம்மாள் முகம் வெளுத்துப்போய், “யாரைத் திட்டினீங்க?” என்று கேட்டார்.

“திட்டலைங்க, வந்துட்டேன்னு சொன்னேன்.”

“யார்கிட்ட?”

கேட்டைத் திறக்க அங்கே யாரும் இல்லை, கேட்டும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

உன்
வாலு

பிப்ரவரி 3

வாலுக்கு அண்ணன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. தபால்காரர் கையில் கொடுத்துவிட்டு, வெளிநாட்டுத் தபால்தலையைக் கிழித்துத் தர முடியுமா என்று கேட்டார். கொடுத்தேன்.

ஹாரன் அடித்ததற்கு முகம் வெளுத்துப்போகிற அம்மாளிடமா கார் கற்றுக்கொள்கிறாய்? நம் ஊரில் ஒரு நாள் கொண்டுவந்து விட்டால் படுத்த படுக்கையாகிவிடுவார். அவரிடம் சொல், ஹாரன் திட்டுவதற்கு மட்டுமல்ல. லேசாக ஒன்று அடித்தால் ‘பின்னால் வருகிறேன்’. விட்டு விட்டு இரண்டு அடித்தால் ‘வழி கொடு ராசா’. வளைவில் நீளமாக அடித்தால் ‘எதிரே யாராவது இருந்தால் சொல்லிவிடு’. நன்றிக்கும் ஒரு ஹாரன் உண்டு. நம் ஊரில் பாதி கண்ணால் ஓட்டுகிறோம், பாதி காதால் ஓட்டுகிறோம். இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

போனைப் பற்றிக் கேட்காதே. மூன்றாவது போன் மாற்றியாகிவிட்டது. ரிப்பேர் கடைக்காரன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி” என்று பல்லைக் காட்டுகிறான். இப்போது வருகிற சாமான் எதுவும் உருப்படியில்லை. நீ எழுதினாலே எனக்கு நிம்மதி. இரண்டு தடவை படிக்கலாம்.

வேனில் இந்த வருடம் பதினான்கு பிள்ளைகள். முன் சீட்டில் உட்காருவதற்கென்றே ஒருத்தி பிறந்திருக்கிறாள். இரண்டாம் வகுப்பு. வேறு யாராவது அங்கே உட்கார்ந்தால் ஏறவே மாட்டாள்.

உன் அண்ணி கண்ணை மூடிய பிறகு வீடு அப்படியே கிடக்கிறது. நான் ஒருத்தன் எவ்வளவு அழுக்காக்கிவிட முடியும்?

இப்படிக்கு
அண்ணன்

பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் சிரித்துவிடு. டெஸ்டில் கோட்டை விட்டேன்.

ஒரு குறுகலான பாலம். ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே வந்தவர் விளக்கை இரண்டு தடவை மினுக்கினார். நம் ஊரில் அதற்கு என்ன அர்த்தம்? ‘நான் வந்தாச்சு, நீ நில்லு.’ நின்றேன். மறுபடியும் மினுக்கினார். சரி, கோபக்காரர் போலிருக்கிறது என்று கொஞ்சம் பின்னால் எடுத்தேன். அவர் மறுபடியும் மினுக்கினார். நான் இன்னும் பின்னால் போனேன். பக்கத்தில் இருந்த தேர்வு அதிகாரி பேனாவை வைத்துவிட்டார்.

“ஏங்க பின்னாடியே போறீங்க? அவர் உங்களத்தான் வரச் சொல்றார்.”

இங்கே விளக்கை மினுக்கினால் ‘நீங்க முதல்ல போங்க’ என்று அர்த்தமாம். அந்த மனுஷன் பாவம், எவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறார். நான் அவரைப் பார்த்துப் பயந்து பின்வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று கேள். போன வாரம் ரோட்டோரம் நின்று குடையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நான் கடக்கப் போகிறேன் என்று நினைத்து இரண்டு பக்கமும் கார்கள் நின்றுவிட்டன. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். நகரவில்லை. அவர்கள் மனது நோகக் கூடாதே என்று, எனக்கு ஒரு வேலையும் இல்லாத எதிர்ப்பக்கத்துக்குப் போனேன். பிறகு திரும்பி வர வேண்டுமே? மறுபடியும் நின்றார்கள்.

சிரித்தாகிவிட்டதா? இப்போது உண்மையைச் சொல்கிறேன். இங்கே வந்து ஐந்து மாதம். தெருவில் ஒரு ஹாரன் கேட்டதில்லை. நிற்கிறார்கள், வழி விடுகிறார்கள், போய்விடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஊரே சேர்ந்து என்னோடு காய் விட்டதைப் போல இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலே எனக்கு மறந்துவிடுகிறது. பேசிப் பார்ப்பதற்காகக் கடைக்குப் போய் விலை கேட்கிறேன்.

நீ போனை எடுத்தால் நன்றாக இருக்கும் அண்ணா. தண்ணிக்குள்ளிருந்து கேட்டாலும் பரவாயில்லை.

உன்
வாலு

மார்ச் 20

வாலுக்கு,

பின்னால் பின்னால் போய் எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தாய்? படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அடுத்த தடவை வாங்கிவிடுவாய். என் வேனை நீ முதல் நாளே சுவரில் இடிக்காமல் நிறுத்தியவள். அதை நான் மறக்கவில்லை.

ஹாரன் கேட்கவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். உங்கள் ஊர் மட்டும் அப்படி என்று நினைக்காதே, இங்கேயும் ஜனங்கள் திருந்திவிட்டார்கள். நானே கவனித்தேன். ஒரு வருடமாக யாரும் அவ்வளவாக ஹாரன் அடிப்பதில்லை. பெரிய ரோட்டில்கூட அமைதியாகப் போகிறார்கள். எந்தப் புண்ணியவான் என்ன சட்டம் போட்டானோ தெரியவில்லை, நல்லதுதான்.

பிள்ளைகளும் இந்த வருடம் ரொம்பச் சமத்து. சத்தமே போடுவதில்லை. நான் பாட்டுக்கு ஓட்டுகிறேன், அவர்கள் பாட்டுக்கு வருகிறார்கள். வேன் ஆயாதான் புதுசாக ஒரு பழக்கம் பிடித்திருக்கிறார். எதற்கெடுத்தாலும் என் தோளைத் தட்டுகிறார். “ஏம்மா, வாயால சொன்னா என்ன?” என்று கேட்டேன். என்னவோ முணுமுணுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு சின்ன விஷயம். போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத் திருப்பத்தில் ஒரு லாரிக்காரன் ஹாரன்கூட அடிக்காமல் பின்னாலிருந்து உரசிக்கொண்டு போனான். இடது பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஹாரன் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் இதுதான் கதி. ஆயா இறங்கி லாரிக்காரனைத் திட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்

ஏப்ரல் 8

அண்ணா,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். வீடு வீடாகக் கட்டுப்போடப் போகும்போதும் எடுத்து எடுத்துப் படிக்கிறேன்.

பதினான்கு பிள்ளைகள் இருக்கிற வேனில் சத்தமே இல்லையா? நீயா இதை எழுதுகிறாய்? சாயங்காலம் வந்ததும் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, ‘கத்தியே மனுஷனக் கொன்னுடுதுங்க’ என்று படுப்பாயே, அந்த நீயா?

பக்கத்துக் கடைத் தையல்காரருக்குப் போன் செய்தேன். கோபப்படாதே. ஊரில் ஹாரன் சத்தம் குறைந்துவிட்டதா என்று மட்டும்தான் கேட்டேன். அவர் சிரித்தார். “ஹாரன விடும்மா. உங்க அண்ணன் டிவி வைக்கிற சத்தத்துல என் மிஷின் ஓடுதா நின்னுடுச்சான்னே எனக்குத் தெரியல” என்றார்.

உனக்குக் காது கேட்கவில்லை அண்ணா. போனில் கோளாறு இல்லை, ஜனங்கள் திருந்தவும் இல்லை. அந்த லாரிக்காரர் ஹாரன் அடித்திருப்பார். ஆயாவுக்குக் கேட்டிருக்கும்.

நாளைக்கே போய்க் காதைச் சோதித்துப் பார். பார்க்கிற வரைக்கும் வேனை எடுக்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

வாலு

ஏப்ரல் 28

தங்கைக்கு,

தையல்காரன் தைக்கிற வேலையைப் பார்த்தால் போதும். அவனிடம் இனி நான் பேசுவதாக இல்லை.

எனக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் மந்தமாக இருக்கலாம். யாருக்குத்தான் இல்லை? இருபத்தாறு வருடம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு இவ்வளவுகூட இருக்காதா? வண்டியைக் கண்ணால்தான் ஓட்ட வேண்டும். கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆயா வேறு தோளைத் தட்டுகிறார். உடைந்த கண்ணாடியையும் மாற்றிவிட்டேன்.

காது கேட்கவில்லை, காது கேட்கவில்லை என்கிறாயே, இந்த வீட்டில் யார் பேசுகிறார்கள், எனக்குக் கேட்காமல் போக? உன் அண்ணி போய் நாலு வருடம். நீ அங்கே போய்விட்டாய். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், அந்த வேன்தான் எனக்கு வீடு. மீதி நேரம் நான் இந்தச் சுவர்களுக்குக் காவல்காரன். வேனையும் எடுத்துவிட்டால் நான் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று நீயே சொல்.

இந்த விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும். இது சத்தியம் மாதிரி. உன்னைத் தூக்கி வளர்த்தவன் கேட்கிறேன், யாரிடமும் சொல்லாதே. அடுத்த வருடம் நானே நிறுத்திக்கொள்கிறேன்.

அண்ணன்

மே 14

அன்புள்ள அண்ணனுக்கு,

இதே தபாலில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியைக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அநேகமாக இரண்டும் ஒரே நாளில் வந்து சேரும். உனக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்று முதலில் உன்னிடம் சொல்கிறேன்.

பாதி கண்ணால், பாதி காதால் என்று எழுதியது நீதான். நான் மறக்கவில்லை. பின்னால் லாரி வருவதை உன் கண் பார்க்கவில்லை அண்ணா. அன்றைக்குக் கண்ணாடியோடு போயிற்று. உன் முன் சீட்டுக்காரி உட்காருகிற பக்கம் எது என்று யோசித்துப் பார்த்தாயா? நான் தினமும் யோசிக்கிறேன். போட்ட கட்டையே அவிழ்த்து மறுபடியும் போடுகிறேன். “என்னாச்சும்மா?” என்று நான் கட்டுப்போடப் போகிற வீட்டுக் கிழவர் என்னைத் தேற்றுகிறார்.

நீ என்னைத் தூக்கி வளர்த்தாய் என்பதால்தான் சொல்கிறேன். அந்தப் பதினான்கு பேரையும் யாரோ தூக்கித்தான் வளர்க்கிறார்கள்.

நீ என்னோடு பேசாமல் போகலாம். அதைத் தெரிந்துகொண்டுதான் தபால் பெட்டி வரைக்கும் போனேன். அரை மணி நேரம் நின்றேன். என்னைப் பார்த்து இரண்டு கார்கள் நின்றுவிட்டன.

உன்
வாலு

ஜூன் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

லைசென்ஸ் வாங்கிவிட்டேன். கெடு முடிய நாலு நாள் இருந்தது. அதே பாலம், அதே அதிகாரி. எதிரே வந்தவர் விளக்கை மினுக்கினார். போனேன். கையைத் தூக்கி நன்றி சொன்னேன்.

அதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். அதில் ஒரு கேள்வி: காது கேட்குமா? கற்றுக்கொடுத்த அம்மாளிடம், கேட்காது என்று எழுதினால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் செய்யமாட்டாங்க. பின்னாடி வர்றது தெரிய, உள்ளே அகலமா ஒரு கண்ணாடி மாட்டிக்கச் சொல்வாங்க. அவ்வளவுதான். எங்க தெருவுலயே ஒருத்தர் அப்படி ஓட்டறார்” என்றார்.

இந்த ஊர் ரோடு சத்தம் போட்டு யாரையும் கூப்பிடுவதில்லை அண்ணா. அதனால் கூப்பிடுவது கேட்காதவரும் ஓட்டலாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கு ஏற்ற ரோட்டில் நான் இருக்கிறேன். நான் ஏங்குகிற ரோட்டில் நீ இருக்கிறாய். இங்கே வந்துவிடேன். இந்த ரோட்டில் ஓட்டு. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

இன்றைக்கு முதல் தடவையாகத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினேன். கை ஹாரன் மேல் போயிற்று. எடுத்துக்கொண்டேன்.

உன்
வாலு

செப்டம்பர் 9

அண்ணா,

தையல்காரரிடம் கேட்டேன். சாப்பிடுகிறாயாம், சாயங்காலம் நடக்கிறாயாம். அது போதும்.

என் கடிதங்கள் வீட்டுக்குள் போகின்றன என்று தபால்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். திறக்கிறாயா, அப்படியே அலமாரியில் வைக்கிறாயா? திட்டியாவது நாலு வரி எழுது. ‘உன்னோடு பேச மாட்டேன்’ என்று எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

வாலு

நவம்பர் 2

வாலுக்கு அண்ணன் எழுதுவது.

எல்லாவற்றையும் திறந்தேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். அவற்றில் இருந்ததெல்லாம் நீ படிக்கக் கூடாத வார்த்தைகள்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, பேசாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். இத்தனை நாளில் என்னிடம் எழுதிப் பேசிய முதல் ஆள் அவர். உனக்கு அடுத்தபடியாக. பிறகு நீ அவருக்கு எழுதிய கடிதத்தையும் என்னிடமே கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளைக்குச் சிராய்ப்புகூட வராமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என் அண்ணன், அந்தப் பெயரோடு அவரை இறக்கிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு என்னால் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. அதுதான் பெரிய கோபம்.

காது டாக்டரிடமும் போனேன். தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சைகையில் சொன்னார். கட்டைவிரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் காத்திருந்தேன். பிறகு, “எப்ப சார் ஆரம்பிக்கிறீங்க?” என்று கேட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ‘முடிந்துவிட்டது’ என்று எழுதிக் காட்டினார். இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதாம். மெஷின் கொடுத்திருக்கிறார். அதை மாட்டினால் தட்டு வைக்கிற சத்தம் மட்டும் வீட்டையே இடிக்கிறது. மனுஷக் குரல் வருவதில்லை.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். பிள்ளைகள் சத்தம் போடுவதில்லை என்று உனக்கு எழுதினேனே, அந்த வரியில் கை கொஞ்ச நேரம் நின்றது. அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்காமல் தபாலில் போட்டேன். யாராவது ஒருவர் கண்டுபிடிக்கட்டும் என்றுதானோ என்னவோ. நீ பிடித்துவிட்டாய். பிடித்ததற்கு நன்றி என்று என்னால் இப்போது எழுத முடியாது. அதற்கு இன்னும் நாளாகும்.

காலை ஏழே முக்காலுக்கு வேன் நம் தெரு வழியாகத்தான் போகிறது. புது டிரைவர் நல்லவன், வேகம் இல்லை. நான் கேட் ஓரம் நிற்பேன். முன் சீட்டுக்காரி அவனிடம் சொல்லி ஹாரன் அடிக்க வைக்கிறாள் போல. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது, அடித்தாயிற்று என்று. கையை ஆட்டுவேன். வேன் திரும்பியதும் உள்ளே வந்துவிடுவேன். அதற்கப்புறம் நாள் ரொம்ப நீளம்.

நீ கூப்பிட்ட ஊருக்கு நான் வரமாட்டேன். வலது பக்கம் ஓட்டுகிற ஊரில் எனக்கென்ன வேலை? அந்த அகலக் கண்ணாடி எத்தனை அங்குலம் என்று மட்டும் எழுது. சைக்கிளில் மாட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இந்த மூன்றாவது போன் சட்டைப்பையில் இருந்தால், மணி அடிக்கும்போது நெஞ்சில் அதிர்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய். பேச வேண்டாம், எனக்குக் கேட்காது. இரண்டு தடவை கூப்பிட்டு, மணி அடித்ததும் உடனே வைத்துவிடு. மூன்றாவது தடவை நீளமாக, விடாமல் அடி. அன்றைக்கு ஹாரன் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தாயே, அதை இங்கே அடித்துக்கொள்.

நான் போய்க் கேட்டைத் திறந்து வைக்கிறேன்.

அண்ணன்